கடைச் சென்சர் விண்வெளியில் ஓடுமா?

ஆர்டுயினோ பலகையில் பொருத்தி விளையாடுகிற சென்சர்கள் விண்வெளியில் வேலை செய்யுமா என்று பாலையூற்றிலிருந்து ஒரு தம்பி கடிதம் போட்டிருக்கிறார். செய்யும், செய்தும் காட்டிவிட்டன. 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட ஆர்டுசாட் செய்மதிக்குள் இருந்தவை இதே சாமான்கள்தான். செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகொப்டர், யாரும் கடையில் வாங்கக்கூடிய கார்மின் லேசர் கருவியால்தான் தன் உயரத்தை அளந்தது. எங்கள் இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் கட்டிய ராவணா-1 செய்மதி, 2019 ஜூன் 17இல் வானில் விடப்பட்டபோது லோரா என்ற நெடுந்தூர, குறைமின் வானொலியையும் சோதனைக்காகக் கொண்டுபோனது.

ஈரப்பத, காற்றழுத்தச் சென்சர்களுக்கு அங்கே வேலையில்லை. மற்றவற்றுக்குச் சூடு ஒரு தொல்லை: ஆற்றக் காற்று இல்லாததால், பலகையின் சூடு பெரும்பாலும் ஆணிவழியே சட்டத்துக்கு இறங்கித்தான் வெளியேற வேண்டும். கதிர்வீச்சு இன்னொரு தொல்லை. வேகமான ஒரு துகள் சிப்பைத் துளைத்தால் உள்ளே குறுக்குவழி திறந்து, மின்னோட்டம் எகிறி, சிப் கருகலாம். உடனே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் நான் எழும்பிப்போய்த் தூக்கிவிடுவேன். அங்கே ஆளில்லை, அந்த வேலைக்கும் ஒரு மின்சுற்று வைக்கவேண்டும்.

எனக்குப் பிடித்த விசித்திரம் ஜீ.பி.எஸ். திருகோணமலைப் படகுகளில் பாரைக் கண்டுபிடித்துத் தரும் அந்தக் கருவியை மேலே அனுப்பினால், பழுதே இல்லாமல் வாய்மூடிக்கொள்ளும். ஏவுகணைக்குப் பயன்படக்கூடாது என்ற பழைய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால், 18 கிலோமீற்றர் உயரத்தையும் 1000 நொட் வேகத்தையும் தாண்டினால் இடம் சொல்லாதபடி பல கருவிகளின் மென்பொருளிலேயே பூட்டு உண்டு. 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதியின் வேகமோ ஏறத்தாழ 15,000 நொட்! சில கருவிகள் இரண்டு எல்லையையும் மீறினால்தான் நிற்கும். சில ஒன்றை மீறினாலே நின்றுவிடும். அதனால் ஆறுதலாக ஏறும் பலூன்கூட 18 கிலோமீற்றரில் வழிதவறியதாகிவிடும். பூட்டைக் கழற்றினாலும் தொல்லை விட்டபாடில்லை. அந்த வேகத்தில் சமிக்ஞையின் அதிர்வெண் வெகுவாக நகர்வதால், தேடும் எல்லையை அகட்டவேண்டும்.

இத்தனையும் படித்தறிய முதலில் சென்சர் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும். படமெடுத்துக் கையளித்த சென்சர் பெட்டிகள் பாடசாலை அலுமாரியில் பூட்டோடு கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். உடைந்துவிடுமாம்! உடையட்டுமே.

தம்பி, உங்களிடம் உள்ள சுழற்சிச் சென்சரை ஈரம் புகாதபடி பையில் கட்டி, மீன் ஐஸ் பெட்டிக்குள் அசையாமல் வையுங்கள். பிறகு தகரக் கூரையில் மத்தியான வெயிலில் வையுங்கள். அசையாத சென்சர் சுழல்வதாகச் சொல்லும் பொய், சூட்டோடு எப்படி மாறுகிறதென்று எழுதிக்கொள்ளுங்கள். செய்மதிக்காரரும் இப்படியோர் அட்டவணை போடுகிறார்கள்.