பக்கத்து மேசையிற் புகை

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் ஒரு வாசகம். திருமணப் பேச்சிலும் காணி பூமி பற்றிய பேச்சிலும் அது பொருந்துவதுண்டு. ஆனால், ஒரு காரியத்தில் அது சிறிதும் பொருந்தாது. பலர் கூடி வேலை செய்யும் இடத்திலே ஒருவர் சிகரெட் புகைப்பதும், மற்றவர்கள் வாய் திறவாது இருப்பதுமே அக்காரியம். அந்த மௌனத்தின் உட்பொருள் யாது என்பதை இன்றைய பேச்சில் ஆராய்ந்து பார்ப்போம்.

நேயர்களே, ஒரு கந்தோரைச் சற்றே மனக்கண் முன் நிறுத்துங்கள். ஓர் அறை, நான்கு மேசைகள், கோப்புகள் அடுக்கிய இரண்டு அலுமாரிகள், மேலே மெதுவாகச் சுழலும் ஒரு மின்விசிறி. காலை பத்து மணிக்குத் தேநீர் வருகின்றது. தலைமை மேசையிலுள்ள பிரதம எழுதுவினைஞர் தேநீரோடு ஒரு சிகரெட்டையும் பற்ற வைக்கின்றார். அடுத்த மேசையில் இருப்பவர் கருவுற்ற ஒரு பெண்மணி; அவர் கைலேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு கோப்பைப் புரட்டுகின்றார். வாயிலருகே அமர்ந்திருக்கும் சிற்றூழியருக்கு முட்டு வருத்தம் உண்டு. எழுந்து வெளியே போக அவருக்கு விருப்பந்தான். ஆனால், மணி அடித்ததும் ஓடிவர வேண்டியவர் எங்கே போவது? புதிதாக நியமனம் பெற்று வந்த இளைஞன், பெரிய உத்தியோகத்துக்கு இதுவும் ஓர் இலட்சணம் போலும் என்று மனத்திற் குறித்துக்கொள்கின்றான். பிறப்புச் சான்றிதழின் பிரதி பெற வந்து விறாந்தையிற் காத்து நிற்கும் மூதாட்டியோ, "இந்தச் சிகரெட் முடிந்த பின்புதான் என் கடதாசியைப் பார்ப்பார்" என்று எண்ணிப் பெருமூச்சு விடுகின்றார்.

இங்கே ஒருவரையே நால்வர் நான்கு விதமாகப் பார்க்கின்றனர். ஆயினும், அந்நால்வரில் ஒருவரேனும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே, தம் புகையினால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை என்று பிரதம எழுதுவினைஞர் நம்புகின்றார். அவர் தீயவர் அல்லர். கேட்டால் உதவி செய்பவர். கணக்கிற் பிழை விடாதவர். தம்மைப் பிறர் எப்படிக் காண்கின்றனர் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அதுவே அவர் குறை.

முன்னாளில் எங்கும் காணப்பட்ட இக்காட்சி, சட்டம் வந்த பின்னர் பெரிதும் அருகிவிட்டது. எனினும், கதவு சாத்திய தனியறையிலும், மாடிப்படியின் அடியிலும், கடைகளின் பின்னறையிலும், லொறியின் முன்னிருக்கையிலும் அது இன்னும் உயிரோடுதான் இருக்கின்றது.

அயலில் இருப்போர் ஏன் பேசுவதில்லை? காரணங்கள் பல. புகைப்பவர் மேலதிகாரியாயின், வருடாந்தச் சம்பள உயர்ச்சிக்குச் சிபாரிசு செய்பவர் அவரே. நண்பராயின், சிறிய விஷயத்துக்காகச் சிநேகம் முறிந்துவிடுமோ என்ற அச்சம். புதிதாக வந்தவராயின், வந்தவுடனே குறை சொல்பவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கம். கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், பழகியவர் தம் கண்ணெதிரே நஞ்சை வார்த்துத் தந்தாலும் அதனை மறுக்காது அருந்தி, மேலும் அவரோடு பொருந்தியிருப்பவரே நாகரிகம் விரும்புபவர் என்ற கருத்தைக் கூறுகின்றார். பக்கத்து மேசைக்காரர் நாள்தோறும் செய்வது ஏறக்குறைய இதுவே. ஆனால், நஞ்சை அருந்துபவரின் பெருந்தன்மை ஒருபோதும் நஞ்சை வார்ப்பவரின் உரிமை ஆகிவிடாது.

புகையிலை நமக்குப் புதிய பொருள் அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அது பல தலைமுறைகளாகப் பணப்பயிராக விளங்கிற்று, திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று, சுருட்டாகித் தென்னிலங்கைப் பட்டணங்களிலும் விலை போயிற்று. அந்தச் சுருட்டோடு ஒரு வழக்கமும் நம்மிடையே வளர்ந்தது. தோட்டத்து வரம்பில் நின்று சுருட்டுப் பிடிக்கும் ஒருவன், தூரத்தே தகப்பனாரையோ படிப்பித்த வாத்தியாரையோ கண்டால், அதனைச் சட்டென்று முதுகுப்புறம் மறைப்பான்; அல்லது மண்ணில் அழுத்தி அணைத்துவிடுவான். இன்றும் பணிப்பாளர் பரிசோதனைக்கு வருகின்றார் என்று கேட்டால், சிகரெட் கையிலுள்ளவர் அதனை அணைத்துவிட்டே எழுந்து நிற்பார்.

இந்த வழக்கத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். அவ்வாறு மறைத்தவன் வைத்திய நூல் கற்றவன் அல்லன். இன்னொருவர் முகத்துக்கு நேரே புகை விடுவது அவரை மதியாத செயல் என்பதை அவன் தன் உள்ளத்தால் அறிந்திருந்தான். அவ்வறிவு நம் எல்லோரிடமும் இருக்கின்றது. ஆனால், அது மேல்நோக்கி மட்டுமே வேலை செய்கின்றது! பணிப்பாளருக்கு முன் அணையும் சிகரெட் சிற்றூழியருக்கு முன் எரிகின்றது. தகப்பனாருக்கு மறைக்கப்படுவது மாணவனுக்கு மறைக்கப்படுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளிற் கடமை புரிந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: திருத்திக் கொடுத்த அப்பியாசக் கொப்பியில் வீசும் புகை மணத்தைக் கொண்டே, எந்த ஆசிரியர் புகைப்பவர் என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்வார்கள். மதிலுக்குப் பின்னால் நின்று புகைத்தால் எவரும் காணவில்லை என்று நினைப்பது வீண்.

இனி, இது வெறும் மரியாதை பற்றிய கேள்வி மட்டுந்தானா என்பதைப் பார்ப்போம். எரியும் சிகரெட்டிலிருந்து இருவகைப் புகை எழுகின்றது. ஒன்று, புகைப்பவர் உள்ளிழுத்து வெளியே விடுவது. மற்றது, இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் நுனியிலிருந்து தானாகவே கிளம்புவது. அறையில் நிரம்பும் புகையிற் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையே. அது வடிகட்டியின் ஊடாகச் செல்வதில்லை. குறைந்த வெப்பத்தில் எரிவதால் நச்சுப் பொருள்கள் பல அதிற் செறிந்திருக்கின்றன. புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன என்றும், அவற்றுள் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்றும் கணித்திருக்கின்றனர். அவற்றோடு காபனோரொட்சைட்டு என்னும் வாயுவும் உண்டு. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் சேர்ந்துகொள்வதால், ஒட்சிசன் செல்ல வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கின்றது.

பிறர் விடும் புகையால் நோய் வரும் என்பதற்குப் பெருஞ் சான்று ஜப்பானிலிருந்து கிடைத்தது. அங்கே தக்கேஷி ஹிராயாமா என்னும் ஆய்வாளர், புகைக்கும் பழக்கமில்லாத 91,000க்கு மேற்பட்ட மனைவியரைப் பற்றிய விவரங்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். கணவர் மிகுதியாகப் புகைப்பவராயின், மனைவிக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. 2006இல் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரி வெளியிட்ட அறிக்கை, வீட்டிலோ வேலைத்தலத்திலோ பிறர் புகையைச் சுவாசிப்பவர்க்கு இதய நோய் வரும் அபாயம் நூற்றுக்கு 25 முதல் 30 வரையும், சுவாசப்பைப் புற்றுநோய் வரும் அபாயம் நூற்றுக்கு 20 முதல் 30 வரையும் அதிகரிக்கின்றதென்று கூறிற்று. தாய் சுவாசிக்கும் புகை கருவிலுள்ள சிசுவின் நிறையைக் குறைக்கும். முட்டு வருத்தக்காரருக்கு அது நோயைக் கிளப்பும். நமது கற்பனைக் கந்தோரிலே கைலேஞ்சியால் மூக்கை மூடியவரும், வாயிலருகே இருந்தவரும் வெறும் சொகுசுக்காக முகஞ் சுளிக்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

"யன்னலைத் திறந்து விட்டால் போதாதா? விசிறியைப் போட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பர். இக்கேள்விக்கு ஒரு வழக்கு விடை கூறுகின்றது. அமெரிக்காவிலே நியூ ஜேர்சி பெல் தொலைபேசிக் கம்பனியில் டொனா ஷிம்ப் என்னும் பெண்மணி காரியதரிசியாக வேலை செய்தார். சிகரெட் புகை அவர் உடலுக்கு ஒவ்வாதது. அதனால் கண்ணும் மூக்கும் எரிந்து பெரிதும் துன்புற்றார். புகையை வெளியேற்ற ஒரு விசிறி பொருத்தினார்கள், பயன் கிட்டவில்லை. ஈற்றில் அவர் நீதிமன்றத்தை நாடினார். அதே கம்பனியில், தொலைபேசி இணைப்பு இயந்திரங்கள் இருந்த இடத்திற் புகைத்தல் ஏற்கெனவே தடுக்கப்பட்டிருந்தது. நுட்பமான அவ்வியந்திரங்கள் புகையாற் பழுதாகிவிடும் என்பதே காரணம். 1976இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த நீதிபதி இதனைச் சுட்டிக்காட்டி, இயந்திரங்கள் மீது இவ்வளவு கரிசனை கொண்ட கம்பனி மனிதர் மீதும் அவ்வளவு கரிசனையேனும் கொள்ள வேண்டாமா என்ற கருத்தை வெளியிட்டார். வேலை செய்யும் பகுதியிற் புகைத்தலைத் தடுக்குமாறும் கட்டளையிட்டார்.

பணிப்பாளருக்கு அணைத்துச் சிற்றூழியருக்கு அணைக்காத நம் வழக்கத்துக்கும், இயந்திரத்தைக் காத்து மனிதரைக் காவாத அந்தக் கம்பனியின் வழக்கத்துக்கும் அதிக தூரம் இல்லை. இரண்டிலும், கேட்கும் வலிமையில்லாதவரே புகையைச் சுவாசிக்கின்றார்.

வலிமையில்லாதவருக்காகப் பேசுவதே சட்டத்தின் வேலை. 2004ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி முதல், மதுச்சாலைகள் உட்பட உள்ளக வேலைத்தலங்களிற் புகைத்தலை நாடு முழுவதும் தடை செய்த முதல் நாடு அயர்லாந்து. மதுச்சாலைக்கு வருபவர் விரும்பினால் எழுந்து போகலாம். அங்கே பரிமாறும் தொழிலாளி எழுந்து போக முடியாது என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். சுலபமாகக் கிளர்ச்சி மூளுமென்று பலர் அஞ்சியும், மக்கள் அதற்கு நன்கு அமைந்து நடந்தனர். நமது இலங்கையும் இதிற் பின்தங்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003இலேயே ஏற்று உறுதி செய்தது. பின்னர், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடப்பட்ட பொது இடங்களிற் புகைத்தலைத் தடை செய்தது. புகைப்பவர் மட்டுமன்றி, அங்ஙனம் புகைக்க இடங்கொடுப்பவரும் குற்றவாளியே என்பதை அலுவலகத் தலைவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனிப் புகைப்பவர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். "ஒரு சிகரெட் பிடித்தாற்றான் மூளை வேலை செய்கின்றது" என்பர் அவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், காரணத்தைத் தலைகீழாக விளங்கிக்கொள்கின்றனர். புகையிலுள்ள நிக்கொற்றின் சில விநாடிகளில் மூளையை அடைகின்றது. இரண்டு மணி நேரத்துக்குள் குருதியில் அதன் அளவு ஏறக்குறையப் பாதியாகின்றது. அப்போது பதற்றமும் எரிச்சலும் தோன்றுகின்றன, கவனம் சிதறுகின்றது. அடுத்த சிகரெட் அந்தக் குறையை நிரப்புகின்றது. சிகரெட் தந்த குறையைச் சிகரெட்டே தீர்க்கும்போது, அதுவே தமக்கு ஊக்கந் தந்ததாக அவர்கள் எண்ணுகின்றனர். கடன்காரனே மீண்டும் கடன் கொடுத்து உபகாரி போலத் தோன்றுவது போன்றதே இது.

ஆகவே, புகைப்பவரை ஒழுக்கங் கெட்டவர் என்று ஒதுக்குதல் தகாது. அவர் ஒரு பழக்கத்தின் பிடியில் இருப்பவர். எனினும், மணிக்கொரு தடவை அவர் எழுந்து வெளியே போகும்போது, அவர் மேசைக்கு வரும் தொலைபேசியை எடுப்பவரும், வரிசையில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்பவரும் பக்கத்து மேசைக்காரரே. இந்தச் சிறு பாரமும் சொல்லப்படாமலே மனத்தில் ஏறிக்கொண்டு போகின்றது என்பதைப் புகைப்பவர் அறிதல் நன்று.

செய்ய வேண்டியது என்ன? அலுவலகத் தலைவர் முதலில் தம் அறையிலிருந்து சாம்பற் கிண்ணத்தை அகற்ற வேண்டும். தலைவர் அகற்றாததைத் தாழ்ந்தவர் அகற்றார். புகைக்கும் இடம் வேண்டுமாயின், அது யன்னலுக்கும் வாயிலுக்கும் எட்டத்தில், திறந்த வெளியில் இருத்தல் வேண்டும். இடைவேளை எல்லோருக்கும் ஒரே அளவாய் இருக்கட்டும். பக்கத்து மேசைக்காரர் பலர் முன்னிலையிற் குத்திக் காட்டாமல், தனியே அழைத்து, "ஐயா, எனக்கு இந்தப் புகை ஒத்துக்கொள்ளுதில்லை" என்று ஒரு வசனம் சொல்லலாம். ஒருவர் சொல்லத் தயங்குவதை இருவர் சேர்ந்து சொல்லலாம். புகைப்பவர் விட்டுவிட முயல்வாராயின், அந்த முதல் வாரங்களில் அவர் எரிந்து விழுவதைப் பொறுத்துக்கொள்வது நண்பர்களின் கடமை. வைத்தியரின் உதவியை நாடுவதும் பயன் தரும்.

புகைக்கும் நேயர்களிடம் எனது வேண்டுகோள் ஒன்றே. உங்கள் பக்கத்தில் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தகப்பனாருக்கு எந்த மரியாதையைக் காட்டினீர்களோ, அதே மரியாதையை வாயிலருகே இருக்கும் சிற்றூழியருக்கும் காட்டுங்கள். அவரும் ஒரு பிள்ளையின் தகப்பனார்.