விடியுமுன் சாலையில் ஓடும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

காவலர் தேர்வுக்கோ ராணுவ ஆள்சேர்ப்புக்கோ தயாராகும் பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் எந்த ஊர்ப்பக்கமும் பார்க்கலாம். இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பல ஊர்களில் மைதானம் இல்லை; இருக்கும் பள்ளி மைதானமும் பூட்டிக் கிடக்கும். அதனால் காலை நாலரை மணி இருட்டில் நெடுஞ்சாலை ஓரமே பயிற்சிக் களம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இந்த ஓட்டம் நிற்பதில்லை.

ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். ஈரமான தார்ச்சாலையில் வண்டி நிற்க இன்னும் 25, 30 மீட்டர் வேண்டும். ஆக, 50 மீட்டருக்கு முன்பே நீங்கள் அவர் கண்ணில் பட்டாக வேண்டும். கண்ணாடியில் மழை வழிய, எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்க, கறுப்பு டி-ஷர்ட்டில் ஓடும் ஆளை அந்தத் தூரத்தில் யாராலும் பார்க்க முடியாது.

பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு பனியன் பகலுக்குத்தான் சரி. இருட்டில் வேண்டியது, விளக்கு பட்டால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை. முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டுவது மேல். மேலும் கீழும் ஆடும் அந்த ஒளியைக் கண்டதும், ஓடுவது ஒரு மனிதர் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும். சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். காதில் இயர்போன் வேண்டாம். இடிச்சத்தம் கேட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது கழியட்டும்.

தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள். பள்ளமும் மூடியில்லாத சாக்கடையும் ஒரு பக்கம் இருக்க, அறுந்த மின்கம்பி இன்னும் பெரிய ஆபத்து. 1997இல் மத்தியப் பிரதேசத்தில் வேலை முடிந்து மழை இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு தொழிலாளி, சாலையில் தேங்கிய நீருக்குள் கிடந்த கம்பியில் சிக்கி இறந்தார். யாரோ திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்ததுதான் காரணம் என்றது மின்வாரியம். உச்ச நீதிமன்றம் 2002இல் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், தன் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னது. ‘மழையில் ஏன் போனாய்’ என்ற கேள்வியோடு மின்விபத்துகளை முடித்துவிடும் நம் ஊர்களில் இந்தத் தீர்ப்பை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அறுந்த கம்பியைக் கண்டால் உடனே மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வண்டி மோதிவிட்டால்? முதலில் 108. காப்பாற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவருபவரை, அவர் பெயரைச் சொல்லும்படி காவல்துறை கட்டாயப்படுத்த முடியாது; மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

அடுத்து வருவதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. அவசர சிகிச்சைப் பிரிவில் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கும்போது, பதற்றத்தில் உடன் வந்தவர் ‘ஓடும்போது கீழே விழுந்துட்டான்’ என்று சொல்லிவிடுவார். அது விபத்துப் பதிவேட்டில், மருத்துவமனைப் பேச்சில் ஏ.ஆர். காப்பியில், அப்படியே ஏறும். பிறகு வண்டி மோதியது என்று இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. ‘அடையாளம் தெரியாத வண்டி மோதியது’ என்றால் அப்படியே சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பாருங்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். அதன் நகல் இலவசம். சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லி எந்த நிலையமும் புகாரைத் திருப்பக் கூடாது.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது சட்டம். ‘வேலைக்கே போகாத பையன், அவனுக்கு என்ன தருவாங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறு; சம்பாதிக்காதவருக்கும் ஒரு வருமானத்தைக் கணித்துத்தான் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்கிறது. மோதிய வண்டி தெரியவே இல்லை என்றால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் உண்டு. விவரம் கோட்டாட்சியர், வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100க்கு அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் சட்ட உதவி இலவசம்.

பெண் பிள்ளைகளுக்கு வண்டியைவிட, பின்தொடரும் ஆள்தான் முதல் பயம். பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். 112, 181 எண்களும் ‘காவல் உதவி’ செயலியும் கையில் இருக்கட்டும். அந்த நேரத்தில் நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

பாதுகாப்பான நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நம் ஊர்ச் சாலைக்கு வந்து சேரும்வரை பிள்ளைகளைத் தார் ரோட்டில் ஓடவிட முடியாது. பள்ளி மைதானத்தைக் காலை நான்கரை மணிக்குத் திறந்து விடுங்கள், இரண்டு விளக்கு போட்டுக் கொடுங்கள் என்று அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் எழுந்து கேளுங்கள்; தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மழை வலுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.