பிள்ளைகளின் உணவும் இணையத் தகவலும்

பொழுது புலருமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் பெற்றோர், தம் பிள்ளைகள் என்ன பசியாறிப் பள்ளி செல்கின்றனர் என்பதை உடனிருந்து காண இயல்வதில்லை. ஆகவே, நல்லுணவைத் தாமே தேர்ந்தெடுக்கும் அறிவைப் பிள்ளைகள் பெறுதல் இன்றியமையாததாகும்.

இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் படிவ அறிவியல் பாடத்தில் உணவூட்டம் கற்பிக்கப்படுகிறது. அங்குக் கற்றதை மேலும் அறிய விரும்பும் மாணவர் இன்று கைப்பேசி வழியே இணையத்தை நாடுகின்றனர். ஆனால், அங்கு நற்செய்தியும் விற்பனைத் தந்திரமும் கலந்தே கிடக்கின்றன. ஒரே வாரத்தில் உடல் மெலியும் எனக் கூறி மாவும் மாத்திரையும் விற்போர் உளர். அவர்களை நம்பி உணவைக் குறைக்கும் பிள்ளை, வளர வேண்டிய பருவத்தில் நலிவடையும்.

எனவே, எச்செய்தியைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்பும்படி பிள்ளைகளைப் பழக்குவோமாக. இதனைக் கூறுபவர் யார்? இதனால் அவருக்கு ஆதாயம் உண்டா? இஃது எப்பொழுது எழுதப்பட்டது? இவற்றுக்கு விடை கிடைக்காத செய்தியை நம்பலாகாது. மலேசியச் சுகாதார அமைச்சின் 'மைஹெல்த்' அகப்பக்கத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

அமைச்சு பரிந்துரைக்கும் உணவுத் தட்டு முறை எளியது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது பிற தானிய உணவு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு வகை. எஞ்சிய அரைப் பங்கு காய்கறியும் பழமும். நெத்திலியும் முருங்கைக் கீரையும் பப்பாளியும் இம்முறைக்குப் பொருந்துவனவே. விலையுயர்ந்த மாவு எதுவும் வேண்டுவதில்லை.

கற்றதை வீட்டிலேயே சோதிக்கலாம். இனிப்புப் பானத்தின் உறையில் உள்ள சத்து விவரத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டருக்குச் சீனி 10 கிராம் என்றிருந்தால், 325 மில்லிலிட்டர் கொண்ட ஒரு டின்னில் 32 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் எனக் கொண்டால், அஃது ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம். தேநீரில் அத்தனை கரண்டி சீனியை எந்தத் தாயும் தன் பிள்ளைக்குக் கலந்து கொடுக்கமாட்டார் அன்றோ?

பிள்ளை படித்துக் கூறட்டும். பெற்றோர் கேட்டுத் தீர்மானிக்கட்டும். நோயுற்ற பிள்ளைக்கு மட்டும் இணையத்தில் மருந்து தேடாது, அரசாங்க மருந்தகத்தை உடனே நாடுவோமாக.