சபையை மாற்றிய புத்தகம் எது?

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஜெபம், தலைமைத்துவம், மாற்றத்தைக் கையாளுதல் ஆகிய மூன்றும் தனித்தனி அலமாரிகளில் குடியிருக்கின்றன. ஜெபத்துக்கு இ. எம். பவுண்ட்ஸ், தலைமைத்துவத்துக்கு 1967இல் வெளிவந்த ஓஸ்வால்ட் சாண்டர்ஸின் நூல், சபை வளர்ச்சிக்கு 1995இல் வந்த ரிக் வாரனின் நூல் என்று வாசகர்கள் தேடி வாங்குகிறார்கள். இவற்றில் பல நல்ல நூல்கள்தாம். ஆனால் ஒரு சபை மெய்யாகவே மாறிய சந்தர்ப்பங்களைப் பார்த்தால், அந்த மாற்றத்தைச் சுமந்து வந்தது பெரும்பாலும் தலைமைத்துவ நூலன்று. ஞாயிறுதோறும் சபையார் கையில் இருக்கும் ஆராதனைப் புத்தகமே அந்த வேலையைச் செய்திருக்கிறது. போதகர் படிக்கும் நூல் போதகரை மாற்றலாம். சபை முழுவதும் ஒன்றாக வாய்விட்டுச் சொல்லும் நூல்தான் சபையின் பழக்கத்தை மாற்றும்.

இதற்குத் தென்னிந்தியத் திருச்சபையைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1919இல் தரங்கம்பாடியில் பேராயர் வேதநாயகம் அசரியா முதலானோர் கூடித் தொடங்கிவைத்த ஐக்கிய முயற்சி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. இடையில் 28 ஆண்டுப் பேச்சுவார்த்தை. அசரியாவோ 1945இன் முதல் நாளிலேயே மறைந்துவிட்டார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபையாரும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1908இலேயே கூடி அமைத்திருந்த ஐக்கிய சபையாரும் ஒரே திருச்சபையாயினர். காகிதத்தில் கையெழுத்தான இந்த ஒற்றுமை கிராமத்து ஆலயத்தில் எப்படி உணரப்பட்டது? 1950இல் வெளிவந்த திருவிருந்து ஆராதனை முறை அதற்கு வழி செய்தது. லெஸ்லி பிரவுன் அமைப்பாளராக இருந்த குழு அதை உருவாக்கியது. குருவானவர் மேசைக்குப் பின்னால் நின்று மக்களைப் பார்த்தபடி நடத்தினார். அப்பமும் ரசமும் சபையாரிடமிருந்தே முன்னே கொண்டுவரப்பட்டன. கைகளால் சமாதானத்தை ஒருவருக்கொருவர் வழங்கும் வழக்கம், கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவரிடமிருந்து வந்து சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் மக்களை நோக்கி நிற்கும் முறை பரவலானது 1960களின் நடுவில்தான் என்பதை நினைத்தால், இந்தச் சிறு புத்தகத்தின் துணிச்சல் புரியும். முழு ஆராதனை நூல் 1963இல் வந்தது.

எழுதி வைத்த ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது உயிரற்ற சடங்கு, ஆவியானவர் தரும் புது வார்த்தைக்கு அது தடை என்று சுதந்திர சபை மரபினர் மறுப்பார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. உதடு அசைய உள்ளம் ஊர் சுற்றுவது எல்லா ஆலயங்களிலும் நடப்பதுதான். ஆனால் சுயமாகச் செய்யும் ஜெபத்திலும் அதே சொற்கள் வாரந்தோறும் திரும்பி வருவதைக் கேட்காதவர் யார்? எழுதப்பட்ட ஜெபத்துக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு. அது போதகரின் அன்றைய மனநிலைக்குச் சபையை அடிமையாக்காது. மாற்றத்தின் காலத்தில் இது பெரிய பாதுகாப்பு. தென்னிந்தியத் திருச்சபையின் முறை, எழுதிய ஜெபத்தோடு சுயமாகச் செய்யும் ஜெபத்துக்கும் இடம் விட்டது. இரு மரபினரும் அதில் தங்களை அடையாளம் கண்டார்கள்.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: புத்தகத்தை மாற்றினால் சபை மாறுமென்றால், மேலிடத்து உத்தரவு போதுமே! போதாது என்பதற்கு இங்கிலாந்தின் 1549ஆம் ஆண்டே சாட்சி. கேன்டர்பரிப் பேராயர் கிரான்மரின் புதிய ஜெபப் புத்தகத்தை அரசு சட்டத்தால் திணித்தபோது டெவன், கார்ன்வால் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தஞ்சைப் பகுதியிலும் 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து விலக்க ஆணையிட்டார். நோக்கம் நியாயமானது, ஆனாலும் எதிர்ப்பே பெருகியது. சாதி ஒரு ஆணைக்கும் கட்டுப்படவில்லை, பிற்காலத்து ஆராதனை முறைக்கும் முழுதாகக் கட்டுப்படவில்லை. இன்றும் திருச்சபைக்குள் தேர்தல் சண்டையும் சொத்து வழக்கும் ஓயவில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. ஜெபப் புத்தகம் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு.

எனினும் தலைமைத்துவம் எங்கே தேவைப்படுகிறது என்பது இங்கேதான் தெளிவாகிறது. ஐக்கியத்தின்போது எந்தச் சபையின் மேலும் அதற்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையைத் திணிப்பதில்லை என்று உறுதி தரப்பட்டது. புதிய முறையையும் அந்த உறுதிக்கு உட்பட்டே வெளியிட்டார்கள், விரும்பியவர்கள் எடுத்தாண்டார்கள். வேகமாக முடிவெடு, தயங்குபவரை விட்டுவிட்டு நட என்று போதிக்கும் நிர்வாக நூல்களுக்கு இது பலவீனமாகத் தெரியலாம். என் பார்வையில் இதுதான் அந்தத் தலைமுறையின் மிகத் துணிச்சலான முடிவு. மதுரையிலும் பின்னர் சென்னையிலும் பேராயராயிருந்த லெஸ்லி நியூபிகின், சென்னைக் குருமாருக்கு ஆற்றிய உரைகளை நல்ல மேய்ப்பனைப் பற்றிய நூலாகத் தொகுத்தபோது, போதகரின் வேலையை நிர்வாகியின் வேலையாகச் சுருக்காமல் எழுதினார். தலைமைத்துவ நூல் வாங்க விரும்புவோர் அதிலிருந்து தொடங்கலாம்.

காத்திருப்பது மாற்றத்தையே கொன்றுவிடும் என்று அஞ்சுவோருக்கு ஆந்திரத்து நந்தியாலைக் காட்டலாம். 1947இல் அங்கிருந்த ஆங்கிலிக்கன் சபையாரில் பலர் இணைய மறுத்துவிட்டார்கள். 1970களின் நடுவில் அவர்கள் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தார்கள். அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக 2013இல் புஷ்ப லலிதா பொறுப்பேற்றது அதே நந்தியாலில்தான்.