நஞ்சைச் சிறையிடும் சிமெண்ட்

கரிமக் கழிவுகளை எரித்து அழித்துவிடலாம். ஆனால் குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் தனிமங்கள் ஆகும். எந்த நெருப்பும் அவற்றை அழிக்காது. அவை நீரில் கரைந்து பரவாதபடி சிறைப்படுத்துவதே வழி. அச்சிறைகளுள் ஒன்று சிமெண்ட்.

சிமெண்ட் நீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் சிலிக்கேட் கூழும் சுண்ணாம்பும் உண்டாகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மையால் உலோக அயனிகள் பல, எளிதில் கரையாத ஹைட்ராக்சைடுகளாகப் படிகின்றன. இறுகும் கூழ் அவற்றைத் தன்னுள் பொதிந்துகொள்கிறது.

எல்லா உலோகமும் இதற்குப் பணிவதில்லை. நம் மாநிலத்து இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. அதன் நஞ்சு கலந்து நிலத்தடி நீர் மஞ்சளாயிற்று. காரணம், இணைதிறன் 6 கொண்ட குரோமியம். அது காரத்திலும் கரையும். வெறும் சிமெண்டில் கலந்தால் கசிந்துவிடும். எனவே இத்தகைய கழிவுடன் முதலில் அன்னபேதி எனப்படும் பெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, குரோமியத்தை இணைதிறன் 3 உடையதாக ஒடுக்க வேண்டும். அதன் பின்னரே சிமெண்ட் சேர்க்க வேண்டும்.

இறுகிய கட்டியையும் சோதித்தாக வேண்டும். அமெரிக்க முறைப்படி, அதை நொறுக்கி நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் சுழற்றுவர். கரைசலில் குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராமை எட்டினால் கட்டி தேறவில்லை என்பது பொருள்.

தேறிய கட்டியையும் அமில நீரும் காற்றின் கரியமில வாயுவும் நாளடைவில் தாக்கும். சிறைப்பட்ட நஞ்சு சாகவில்லை, உறங்குகிறது. ஆகவே சிறை கட்டினால் மட்டும் போதாது, காவலும் வேண்டும். கழிவைப் பிறப்பிலேயே குறைப்பது அதனினும் நன்று.