பரணில் கிடைத்த பழைய ராணுவத் துப்பாக்கி: தேய்க்கும் முன் முத்திரையைப் பாருங்கள்

ஒரே மாதிரி தோற்றமுள்ள மூன்று துப்பாக்கிகள் நம் நாட்டில் உண்டு. முதலாவது 303. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் தோளில் சுமந்த லீ-என்ஃபீல்ட். இரண்டாவது அதே லீ-என்ஃபீல்டை மாற்றியமைத்த 410 மஸ்கட். வெள்ளையர் ஆட்சியில் போலீசுக்கும் காவல் பணிக்கும் என்று, குழலைச் சுழல் பள்ளமில்லாமல் வழுவழுப்பாக்கி, மேகசினை மரக்கட்டையால் அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடும்படி செய்தார்கள். மூன்றாவது 315. வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்தது.

பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். சட்டத்தின் கண்ணுக்கு அப்படியில்லை. 315-க்கு மாவட்ட நிர்வாகத்தில் உரிமம் கேட்கலாம். 303-உம் 410 மஸ்கட்டும் தடைசெய்யப்பட்ட வகை. அவற்றை அனுமதியில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. தாத்தா காலத்துத் துப்பாக்கி எங்கே பிறந்தது, பிறகு யார் கை வைத்தார்கள் என்று தெரிந்துகொள்வதை வெறும் பழம்பொருள் ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் எந்தச் சட்டப்பிரிவு தொங்குகிறது என்பதை அதுதான் சொல்லும்.

அடையாளம் பெரும்பாலும் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தில் இருக்கும். கிரீடம், அதன் கீழ் அரசரின் எழுத்துகள், செய்த இடம், ஆண்டு, மாடல் என்று வரிசையாகப் பொறித்திருப்பார்கள். இங்கிலாந்தில் செய்ததானால் என்ஃபீல்ட், பி.எஸ்.ஏ. போன்ற பெயர்கள், ஆஸ்திரேலியாவில் செய்ததானால் லித்கோ. ‘ஜி.ஆர்.ஐ.’ என்று இருந்தால் இஷாப்பூர். மன்னர் ஜார்ஜ் இந்தியாவின் பேரரசராகவும் இருந்ததைக் குறிக்கும் எழுத்துகள் அவை. விடுதலைக்குப் பிறகு செய்தவற்றில் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம் வந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கியில் உடல், போல்ட், முன்மூக்கு, பின்குறி ஆகியவற்றில் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இடையில் உறுப்புகள் மாறியிருக்கின்றன என்று பொருள்.

கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த போலிகளும் உண்டு. விக்டோரியா அரசி 1901-இல் மறைந்தார். அவருடைய ‘வி.ஆர்.’ முத்திரைக்குக் கீழே அதற்கு வெகுநாள் பிந்திய ஆண்டு இருந்தாலோ, எழுத்துகள் தலைகீழாகத் திரும்பியிருந்தாலோ அந்த முத்திரையை நம்ப முடியாது. அதைவிட, அந்த இரும்பை நம்ப முடியாது. சுட்டால் குழல் வெடித்து, சுடுபவரின் முகத்திலேயே பாயலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது உள்ளூர்க் கைவேலைதான். கடையில் கிடைக்கும் தோட்டா போகும்படி அறையைக் குடைவது, தூக்க வசதியாகக் குழலை அறுப்பது என்று செய்துவிடுகிறார்கள். லீ-என்ஃபீல்ட் குழலின் நீளம் 25 அங்குலத்துக்குச் சற்று அதிகம். வழுவழுப்பான குழல் 20 அங்குலத்துக்குக் கீழே போனாலே அது தடைசெய்யப்பட்ட வகைக்குள் விழுந்துவிடும். உரிமமில்லாமல் குழலைச் சுருக்குவதும், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் 6-ஆம் பிரிவின்படி குற்றம். வீட்டில் கிடைத்ததைப் பளபளப்பாக்க எமரித்தாள் போட்டுத் தேய்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். முத்திரையையோ எண்ணையோ அழிப்பதை 8-ஆம் பிரிவு தடுக்கிறது. துருவோடு இருக்கட்டும், தொடாதீர்கள். மருந்து இடிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் இடித்த மருந்து உள்ளே அப்படியே இருக்கக்கூடும்.

“பழசுதானே, லைசென்ஸ் எதற்கு?” என்று பலரும் கேட்கிறார்கள். 45-ஆம் பிரிவு பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்கே அந்த விலக்கு. போல்ட் இறுகிப்போனது மட்டும் போதாது. பழம்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்று 2020-இல் விதி திருத்தினார்கள். ஆனால் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது அந்த வகையா என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். நூறாண்டு கடந்த துப்பாக்கி 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரலாம். அப்படிப்பட்டதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வாரிசுக்கு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்று பயந்து பலர் மறைத்து வைக்கிறார்கள். அது தவறான பயம். குறித்த காலத்துக்குள் உங்கள் பெயருக்கு உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம். தகுதியுள்ள ஒருவருக்கு விற்கவும் செய்யலாம். அந்தக் காலத்தைத் தவறவிட்டால்தான் பறிமுதல்.

உரிமத் தாளே இல்லையென்றால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய உதவி எண் 15100. துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். அது இருக்கும் இடத்தைக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களை வந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டில் முத்திரை, ஆண்டு, வரிசை எண், குழல் நீளம், எந்தெந்த உறுப்பு மாறியிருக்கிறது என்பதெல்லாம் பதிவாக வேண்டும். அறுத்த குழல் நீங்கள் அறுத்ததல்ல என்று பிறகு சொல்ல வேண்டி வந்தால் அந்தச் சீட்டு கைகொடுக்கும். உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.