பழைய இன்ஜினில் கரி: பாட்டிலை ஊற்றுவதற்கு முன் புகையைப் பாருங்கள்

ஜும்ஆ முடிந்து திருவொற்றியூரில் பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறோம். வாசலில் ஒரு சகோதரர் தன் அத்தா காலத்து புல்லட்டின் கிக்கரை மிதித்து மிதித்து வியர்த்துப் போயிருக்கிறார். வண்டி இருமுகிறது, கரும்புகையைக் கக்குகிறது, நின்று விடுகிறது. சுற்றி நிற்பவர்களிடம் ஆளுக்கொரு வைத்தியம் இருக்கிறது. "கார்பன் புடிச்சிருக்கு பாய், டேங்குல கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்துங்க" என்கிறார் ஒருவர். "கற்பூரம் போடுங்க" என்கிறார் இன்னொருவர். "ஆன்லைன்ல ஒரு பாட்டில் வருது, ஊத்துனா கரியெல்லாம் கரைஞ்சிடும்" என்கிறார் மூன்றாமவர்.

இவற்றில் எது உண்மை, எது பாதி உண்மை, எது இன்ஜினையே தின்றுவிடும்? பழைய வண்டியை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். காலையில் மீன் ஏற்றப் போகும் வண்டியும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் வண்டியும், கடைக்குச் சரக்கு எடுத்து வரும் வண்டியும் ஒரே வண்டியாக இருக்கும் வீடுகள் உண்டு. அது ஒரு வாரம் மெக்கானிக் ஷெட்டில் நின்றால் அந்த வார வருமானமும் நின்றுவிடும். ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நம் ஊரில் பிறந்த இன்ஜின்

இந்தப் பேச்சுக்கு நம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை நம் திருவொற்றியூரில்தான் அமைந்தது. சற்று வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்டு. இந்த இரண்டு ஆலைகளையும் சுற்றி இன்ஜின் வேலை தெரிந்த கைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக உருவாயின.

பழைய புல்லட் 350இன் இன்ஜின் 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட இந்த இன்ஜின், புதிய வகை வரும்வரை ஏறக்குறைய 2010 வரை ஓடியது. அந்தக் காலத்தில் கரி எடுப்பது ஒரு ரகசிய வைத்தியம் அல்ல. ஹெட்டை இறக்கிக் கரியைச் சுரண்டுவது, ஆயில் மாற்றுவதைப் போல அவ்வப்போது செய்ய வேண்டிய ஒரு பராமரிப்பு வேலையாகவே இருந்தது.

கரி எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கரி மிஞ்சாது. எரியாமல் விட்டுப்போனதும், எரியக்கூடாத இடத்தில் எரிந்த ஆயிலும்தான் கரியாகப் படிகின்றன. முக்கியக் காரணங்கள் நான்கு.

முதலாவது, காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போவது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், கார்புரேட்டர் ஜெட் தேய்ந்திருந்தாலும், சோக் சரியாகத் திரும்பாவிட்டாலும் இப்படி ஆகும். இரண்டாவது, இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடும் குட்டிப் பயணங்கள். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டுமே போய்வரும் வண்டிக்கு இந்த நோய் அதிகம். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும் நம் சாலைகளும் இதற்கு உதவுகின்றன. மூன்றாவது, தேய்ந்த பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு வழியாக ஆயில் மேலே ஏறி எரிவது. நான்காவது, கலப்பட எரிபொருள்.

படிந்த கரி என்ன செய்யும்? எரியும் அறையின் இடத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும். மேடு ஏறும்போது இன்ஜின் 'டக் டக்' என்று தட்டும். கரித்துண்டு தணல்போல் கனன்று கொண்டிருந்தால், சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சில விநாடிகள் தானாகச் சுற்றும். வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு துணுக்கு சிக்கினால் கம்ப்ரஷன் போய்விடும். எத்தனை முறை மிதித்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

முதலில் புகை, பிறகு பிளக்

காய்ச்சல் ஒரு நோயின் அடையாளம். கரியும் அப்படித்தான். காரணத்தை விட்டுவிட்டுக் கரியை மட்டும் எடுத்தால் சில மாதங்களில் அது திரும்பி வரும். நோயைக் காண இரண்டு எளிய வழிகள் நம் கையிலேயே உள்ளன.

கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நீலம் கலந்த புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், தண்ணீரால் குளிரும் கார் இன்ஜினாக இருப்பின், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரிப்பொடி என்றால் கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் சரி பார்க்கப்பட வேண்டும். ஈரமும் எண்ணெய்ப் பசையும் கலந்த கருப்பு என்றால் ரிங் அல்லது வால்வு கைடில் கோளாறு.

இன்னும் உறுதி வேண்டுமானால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். அளவு குறைவாக வந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இப்போது அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. தேய்ந்த ரிங்கை எந்தப் பாட்டிலும் வளர்த்துத் தராது.

வீட்டு வைத்தியங்கள்: ஒவ்வொன்றாக

பெட்ரோலில் மண்ணெண்ணெய். இது மருந்தல்ல, நோயே இதுதான். மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது. முழுதாக எரியாமல் மேலும் கரியைத் தரும், தட்டும் சத்தத்தைக் கூட்டும், எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும்.

ஆயிலில் டீசல் அல்லது மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிக் கழுவுவது. ஆயில் மாற்றும் முன் பலர் செய்வது இது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலம் இதனால் மெலிந்து போகிறது. பல வருட அழுக்கு ஒரே நேரத்தில் பெயர்ந்து ஆயில் வழியை அடைத்தால் பேரிங் போய்விடும். அதைவிட, நல்ல ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் இரண்டு முறை மாற்றினால் அழுக்கு மெதுவாக, பத்திரமாக வெளியேறும்.

கற்பூரம், பாச்சை உருண்டை. இவை பெட்ரோலில் கரையும் என்பது உண்மை. ஆனால் கரியைக் கரைக்காது. பெட்ரோல் ஆவியானதும் மறுபடி கட்டியாகி ஜெட்டின் நுண்துளையை அடைக்கலாம்.

தின்னர், அசிட்டோன். மேசை மேல் வைத்த பாகத்தின் பிசினை இவை நீக்கும். டேங்கில் ஊற்றினால் ரப்பர் குழாயையும் சீலையும் பெயின்டையும் சேர்த்துத் தின்னும்.

கார்புரேட்டர் வழியே தண்ணீர். இதில் பாதி உண்மை இருக்கிறது. சூடான அறைக்குள் நீர்த்துளி நீராவியாகும்போது கரி பெயரும். கேஸ்கெட் ஒழுகிய கார் இன்ஜினைத் திறந்தால் தண்ணீர் போன சிலிண்டர் மட்டும் பளிச்சென்று இருப்பதை மெக்கானிக்குகள் பார்த்திருப்பார்கள். ஆனால் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அளவு சற்றுக் கூடினால் பிஸ்டன் தண்ணீரில் முட்டி கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வீட்டு வாசலில் செய்து பார்க்க வேண்டிய வேலை அல்ல இது.

காஸ்டிக் சோடா. டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் சைலன்சரில் கெட்டித்த கரியை நீக்க இதை ஊற்றி ஊறவைப்பார்கள். இரும்புச் சைலன்சரில் இது வேலை செய்யும். ஆனால் பிஸ்டன், ஹெட் போன்ற அலுமினிய பாகங்களை இது அரித்துவிடும்; அப்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கண்ணிலும் தோலிலும் பட்டால் கடுமையான காயம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை வைக்காதீர்கள்.

நெடுஞ்சாலை ஓட்டம். செலவில்லாத, தீங்கில்லாத வைத்தியம் இது ஒன்றே. ஃபஜ்ருக்குப் பிறகு சாலை காலியாக இருக்கும்போது, இன்ஜின் நன்கு சூடான பின், சட்டத்துக்குட்பட்ட வேகத்தில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். மென்மையான புகைக்கரியும் பிளக்கில் படிந்ததும் ஓரளவு எரிந்து போகும். கல்லாய் இறுகியது போகாது.

கடையில் விற்கும் பாட்டில்

எரிபொருளில் கலக்கும் மருந்துகள் எல்லாம் ஏமாற்று அல்ல. பாலியெதர் அமீன் என்ற சோப்புத்தன்மையுள்ள வேதிப்பொருள் கொண்டவை, பெட்ரோல் போகும் வழியில் உள்ள படிவை உண்மையாகவே நீக்குகின்றன. கார்புரேட்டரின் பிசின், இன்ஜெக்டர் முனை, உள்வால்வின் பின்புறம் ஆகியவை அவற்றின் எல்லை. எரியும் அறையிலும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் வெளிவால்வில் இறுகிய கரிக்கும் ரிங் இடுக்கில் சிக்கிய கரிக்கும் ஒரு பாட்டிலில் தீர்வு கிடைக்காது. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் புதிய கார்களில் உள்வால்வை பெட்ரோல் தொடுவதே இல்லை. அங்கே டேங்கில் ஊற்றும் மருந்து வால்வைச் சுத்தம் செய்யாது.

வாங்குவதென்றால் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். லேபிளில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். பெட்ரோலுக்கானதை டீசலில் ஊற்றாதீர்கள். 'ஆக்டேன் பூஸ்டர்' என்பது வேறு, சுத்தம் செய்யும் மருந்து வேறு. பழைய டேங்கில் துரு இருந்தால் முதலில் அதைக் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். கடற்காற்று வீசும் நம் பகுதியில் டேங்கில் துரு சகஜம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் பதம் பார்க்கும். அவற்றையும் மாற்றி விடுவது நல்லது.

நேர்வழி: ஹெட்டை இறக்குவது

தட்டும் சத்தம், சாவியை அணைத்தும் நிற்காத இன்ஜின், குறைந்த கம்ப்ரஷன் மூன்றும் சேர்ந்திருந்தால் பாட்டில்களுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள். அலுமினியத்தில் கீறல் விழாமல் இருக்க, கரியை மரத்துண்டாலோ பித்தளைத் தகட்டாலோதான் சுரண்ட வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் அல்ல. தேய்ந்த இன்ஜினில் பிஸ்டன் விளிம்பைச் சுற்றி மெல்லிய கரி வளையத்தை அப்படியே விட்டுவிடுவார்கள் பழைய கைகள். ஆயில் மேலேறுவதை அது சற்றுத் தடுக்கும். வால்வுகளைப் பேஸ்ட் போட்டு இருக்கையில் பொருத்தித் தேய்த்து, புது கேஸ்கெட் போட்டு, டாப்பெட் சரிபார்த்தால் வேலை முடிந்தது. இதில் மறைவு எதுவும் இல்லை. கரியையும் பாகங்களையும் நம் கண்ணால் பார்க்கலாம்.

புகையை மறைத்து விற்கலாமா?

இனி நம் மார்க்கம் தொடும் இடத்துக்கு வருவோம். நீலப்புகை விடும் வண்டியில் கெட்டியான ஆயிலையோ புகையடக்கும் மருந்தையோ ஊற்றினால் சில நாள் புகை தெரியாது. பழைய வண்டிச் சந்தையில் இந்த வேலை நடப்பதை அறியாதவர் இல்லை. வாங்கியவர் மாதம் திரும்புமுன் இன்ஜின் வேலைக்குக் கடன் வாங்குவார்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம் இருந்தது, மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான சம்பவம் இது. நம் வண்டியின் புகைதான் அந்த ஈரம். ரிங் போய்விட்டது என்று சொல்லி விலையைக் குறைத்து விற்பதில் பரக்கத் உண்டு; மறைத்து விற்கும் பணத்தில் அது இல்லை.

வாங்குபவரும் விழிப்போடு இருக்க வேண்டும். இன்ஜின் ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து நிமிடம் ஓட்டியபின் ஆக்ஸிலேட்டரை விட்டுத் திருகி, பின்னால் வரும் புகையைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தின் உரிமையும் இதில் இருக்கிறது. ஆலைகளும் துறைமுக லாரிகளும் நிறைந்த இந்தப் பகுதியின் காற்றில் நம் பங்குக்கும் புகையைச் சேர்க்க வேண்டாம். கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவக் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது.

அடுத்த முறை வண்டி இருமினால் யாராவது பாட்டிலை நீட்டுவார்கள். வாங்குவதற்கு முன் புகையின் நிறத்தைப் பாருங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், காரணத்தைக் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அத்தா விட்டுச் சென்ற வண்டி பிள்ளைகளின் காலத்திலும் ஓடும்.